கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்த்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 28. திருமங்கலத்தில் இருக்கிறோம். மதுரையில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் நான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். தினமும் ஒன்பது மணி நேரம், எதிரே இரண்டு மானிட்டர். ஒரு மாதம் பகல் ஷிப்ட், அடுத்த மாதம் நைட் ஷிப்ட். நைட் என்றால் மாலை ஆறரைக்கு ஆரம்பித்து அதிகாலை மூன்றரை வரை. இப்போது பத்தாவது வாரம். ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். போன வருஷம் ஏழாவது வாரத்தில் கலைந்துவிட்டது. மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். "பொழுதன்னைக்கும் அந்தப் பெட்டி முன்னாடி உக்காந்திருந்தா வயித்துல எப்படித் தங்கும்" என்று அத்தை அப்போதே சொன்னார்கள். இப்போது வேலையை விடச் சொல்கிறார்கள். அவர் எதுவும் சொல்வதில்லை. கதிர்வீச்சைத் தடுக்கும் ஏப்ரன் என்று ஆன்லைனில் ஒன்று மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன். இரவில் தூக்கம் இல்லை. போன தடவை என்னால்தான் போய்விட்டதா?

பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை ம்மா. போன வருஷம் கரு கலைந்தது உங்களால் இல்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த மானிட்டராலும் இல்லை. மற்றதையெல்லாம் அப்புறம் மெதுவாகப் படித்துக்கொள்ளலாம். இதை மட்டும் இன்றைக்கே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துபோகின்றன. வயல் வேலை பார்க்கிற பெண்களுக்கும், வீட்டோடு இருக்கிறவர்களுக்கும், பள்ளிக்கூட டீச்சருக்கும், என்னைப் போன்ற டாக்டருக்கும் இதே கணக்குத்தான். பெரும்பாலானவை முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் நடக்கின்றன. அவற்றில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம்களில் உள்ள கோளாறு. கருமுட்டையும் விந்தணுவும் சேர்கிற நேரத்தில், அல்லது அதற்கும் முன்பே, ஒரு குரோமோசோம் கூடுதலாகவோ குறைவாகவோ வந்துவிடுகிறது. அந்தக் கரு வளர முடியாமல் ஆறு, ஏழு, எட்டு வாரத்தில் நின்றுவிடுகிறது. நாள் தள்ளிப்போனது உங்களுக்குத் தெரியும் முன்பே தீர்மானமாகிவிட்ட விஷயம் அது. நீங்கள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள், எந்தப் படி ஏறினீர்கள், பஸ்ஸில் போனீர்களா ஸ்கூட்டியில் போனீர்களா என்பதற்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. ஒரு தடவை கலைந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே முடிகிறது. பத்தாவது வாரத்தில் துடிப்பு நன்றாகத் தெரிகிறது என்றால் நீங்கள் பயப்படுகிற அபாயத்தின் பெரும்பகுதியைத் தாண்டி வந்துவிட்டீர்கள்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். உங்கள் அத்தையின் பயம் அவராகக் கற்பனை செய்துகொண்டது இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் உலகம் முழுவதும் இந்தப் பயம் இருந்தது, அதற்கு ஒரு காரணமும் இருந்தது. 1980-ல் கனடாவின் டொராண்டோ நகரில் ஒரு பெரிய பத்திரிகை அலுவலகத்தின் விளம்பரப் பிரிவில் கர்ப்பமாக இருந்த ஏழு பெண்களில் நான்கு பேருக்குப் பிறவிக் குறைபாட்டோடு குழந்தை பிறந்தது. நான்கு பேரும் கம்ப்யூட்டர் திரை முன்னால் வேலை பார்த்தவர்கள். அப்போதுதான் அலுவலகங்களுக்குள் திரைகள் வர ஆரம்பித்த காலம். செய்தி பரவியதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேறு சில அலுவலகங்களிலிருந்தும் இதேபோன்ற தகவல்கள் வந்தன. தொழிற்சங்கங்கள் கேள்வி கேட்டன. கேட்டதும் சரிதான்.

அன்றைக்கு இருந்த மானிட்டர் வேறு சாதனம். பின்பக்கம் பெருத்த பழைய டிவியை நீங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. பின்னாலிருந்து எலக்ட்ரான்களை வேகமாக முன்பக்கக் கண்ணாடியின் மேல் மோதவிட்டுப் படத்தை உண்டாக்குவார்கள். அந்த மோதலில் மிகச் சிறிய அளவில் எக்ஸ்-ரே உண்டாகும். ஆனால் கனமான அந்தக் கண்ணாடியே அதை உறிஞ்சிக்கொண்டுவிடும். இன்னொன்று, எலக்ட்ரான்களை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்புவதற்குக் கம்பிச் சுருள்கள் இருந்தன. அவற்றைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டாகும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் அது கூடுதலாக இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்பட்டது முக்கியமாக இந்தக் காந்தப்புலத்தைத்தான்.

உங்கள் மேஜையில் இருக்கிற தட்டை மானிட்டரில் அந்தக் குழாயும் இல்லை, அந்தச் சுருள்களும் இல்லை. பின்னால் வரிசையாக எல்.ஈ.டி. விளக்குகள் எரிகின்றன, முன்னால் இருக்கும் திரவப் படிகத் திரை அந்த ஒளியைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான். அதிலிருந்து எக்ஸ்-ரே வரவே வராது. வருவது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம், கொஞ்சம் சூடு, மின்சாரத்தில் ஓடுகிற எந்தச் சாதனத்தைச் சுற்றியும் இருக்கிற மிகப் பலவீனமான மின்காந்தப்புலம். செல்களின் மரபணுவை உடைக்கும் சக்தி இவற்றில் எதற்கும் கிடையாது. வைஃபைக்கும் செல்போனுக்கும் இதே பதில்தான்.

பழைய மானிட்டர்களையே எடுத்துக்கொண்டாலும் என்ன தெரிந்தது என்பதைச் சொல்கிறேன். அத்தையிடம் நீங்கள் பேசும்போது உதவும். 1988-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1,583 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் திரை முன்னால் இருந்தவர்களுக்குக் கருச்சிதைவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று அது சொன்னது. பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த வேறுபாடு எழுத்தர் வேலை பார்த்த பெண்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது. திரைதான் காரணம் என்றால் அதே திரையைப் பார்த்த மற்றவர்களிடமும் அதே அளவு தெரிந்திருக்க வேண்டும். வேலை நெருக்கடியா, ஓய்வு இல்லாமையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அதோடு, கர்ப்பம் எப்படி முடிந்தது என்று தெரிந்த பிறகு அந்தப் பெண்களிடம் எத்தனை மணி நேரம் திரை பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். குழந்தையை இழந்த தாய் ஒவ்வொரு மணி நேரத்தையும் எண்ணிப் பார்ப்பாள். நீங்களே இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1991-ல், அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிற ஆய்வு இது. டெலிபோன் ஆபரேட்டர்களில் இரண்டு பிரிவினரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை: நாள் முழுக்க உட்கார்ந்து அழைப்புகளைக் கவனிப்பது. ஒரு பிரிவுக்கு எதிரே கம்ப்யூட்டர் திரை உண்டு, இன்னொரு பிரிவுக்குத் திரை இல்லை. யார் எவ்வளவு நேரம் திரை முன்னால் இருந்தார்கள் என்பதை நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்தே எடுத்தார்கள். மொத்தம் 882 கர்ப்பங்கள். திரை பார்த்தவர்களில் கருச்சிதைவு 14.8 சதவீதம், திரை பார்க்காதவர்களில் 15.9 சதவீதம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பிரித்துப் பார்த்தபோதும் நேரம் கூடக் கூட அபாயம் கூடவில்லை. குழந்தையின் எடை, குறைப்பிரசவம் ஆகியவற்றைப் பிறகு தனியாகப் பார்த்தார்கள், அதிலும் வேறுபாடு இல்லை. 1992-ல் பின்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வு மட்டும், மிக அதிகக் காந்தப்புலம் வெளியிட்ட சில பழைய மானிட்டர்களைப் பயன்படுத்தியவர்களுக்குக் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. பொதுவாகத் திரை முன்னால் வேலை பார்ப்பதற்கும் கருச்சிதைவுக்கும் அதிலும் தொடர்பு தெரியவில்லை. அந்த வகை மானிட்டர்கள் இன்று எந்த அலுவலகத்திலும் கிடையாது.

ஆகவே அந்த ஏப்ரனைக் கழற்றி வைத்துவிடுங்கள். எக்ஸ்-ரே அறையில் கட்டிவிடுகிற ஈயக் கவசத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, அங்கே உண்மையில் எக்ஸ்-ரே இருக்கிறது. உங்கள் மேஜையில் தடுக்கவேண்டிய ஒன்றும் இல்லை. பயந்துபோயிருக்கிற கர்ப்பிணிகளிடம் இதைக் காட்டி ஆயிரக்கணக்கில் பணம் பிடுங்குகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான கோபம் இருக்கிறது. திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிப் பணத்தை வாங்குங்கள். அதைக் கட்டியிருக்கும்வரை, எதிரே ஆபத்து இருக்கிறது என்று அது ஒன்பது மணி நேரமும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விஷயம். படித்ததும் நான் அதில்தான் நின்றுவிட்டேன். ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் நைட் ஷிப்ட்.

டென்மார்க்கில் இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் வேலைப் பதிவேட்டையும் மருத்துவப் பதிவேட்டையும் சேர்த்துவைத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. எட்டாவது வாரத்துக்குப் பிறகு, ஒரு வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ இரவு வேலை பார்த்தவர்களுக்கு அடுத்த வாரத்தில் கருச்சிதைவு 32 சதவீதம் கூடுதலாக இருந்தது. எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். எட்டு வாரத்துக்குப் பிறகு கலைவதே குறைவு. அந்தக் குறைந்த எண்ணிக்கையின் மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்றுதான் அர்த்தம். நைட் பார்க்கிற நர்சுகளும் போலீஸ்காரப் பெண்களும் ஆரோக்கியமான பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் தவிர்க்க முடிகிற ஒன்றை ஏன் சுமக்க வேண்டும்? இரவில் வெளிச்சத்தில் விழித்திருந்து பகலில் தூங்கும்போது உடம்பின் நாள்கணக்கு குழம்புகிறது, மெலடோனின் என்ற ஹார்மோன் குறைகிறது, நஞ்சுக்கொடி நன்றாக வேலை செய்ய அது தேவைப்படுகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் தருகிற விளக்கம். நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில், மொட்டைமாடிச் சூடு இறங்கும் வீட்டில், காலை பத்து மணிக்கு மேல் யாரால் தூங்க முடியும்? போதாக்குறைக்குப் பால்காரர், கேஸ் சிலிண்டர், பக்கத்து வீட்டு மிக்ஸி. நைட் ஷிப்ட் பார்க்கும் மருமகள் பகலில் நாலு மணி நேரம் தூங்கினாலே பெரிது, எழுந்ததும் சமையலும் அவள் பொறுப்பு.

அதனால் அடுத்த மாத ஷிப்ட் அட்டவணை வருவதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்குங்கள். "கர்ப்பிணி, முன்பு ஒருமுறை கருச்சிதைவு ஏற்பட்டுள்ளது, பிரசவம் வரை பகல் ஷிப்ட் தரப் பரிந்துரைக்கிறேன்" என்ற அளவில் இருந்தால் போதும். அதை டீம் லீடரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஹெச்.ஆருக்கு மெயிலில் அனுப்புங்கள். தமிழ்நாட்டில் கடைகளையும் நிறுவனங்களையும் 24 மணி நேரமும் திறந்துவைக்க அனுமதித்த அரசாணையிலேயே, இரவு எட்டு மணிக்கு மேல் வேலை பார்க்க பெண் ஊழியரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. பகல் ஷிப்ட் கேட்பது சலுகை கேட்பது போல உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

போன தடவை நைட் ஷிப்டால்தானோ என்று அடுத்த யோசனை ஓடும், எனக்குத் தெரியும். உங்களுக்குக் கலைந்தது ஏழாவது வாரத்தில். நான் சொன்ன வேறுபாடு எட்டாவது வாரத்துக்குப் பிறகு தெரிந்த ஒன்று. அவ்வளவு ஆரம்பத்தில் கலைபவை பெரும்பாலும் குரோமோசோம் கோளாறால்தான். அதோடு விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம், கழிவறை. சிரிக்காதீர்கள், கேட்கவும் கூச்சப்படாதீர்கள். உங்களைப் போன்ற அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெண்கள் என்னிடம் வரும்போது நான் கேட்கிற முதல் கேள்வியே ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுந்து போகிறீர்கள் என்பதுதான். சீட்டை விட்டு எழுந்தால் சிஸ்டத்தில் பிரேக் என்று பதிவாகிவிடும், டார்கெட் குறைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். அடக்கவேண்டி வரும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. ஏசி அறை என்பதால் தாகமும் தெரிவதில்லை. கர்ப்ப காலத்தில் சிறுநீர்ப் பாதை தளர்ந்து சிறுநீர் தேங்குவது இயல்பாகவே அதிகம். தண்ணீரும் குறைந்து அடக்கவும் செய்தால் கிருமி பிடித்துக்கொள்ளும். பல சமயம் எரிச்சல்கூட இருக்காது. அது சிறுநீரகம் வரை ஏறினால் குளிர்காய்ச்சல் வரும், குறைப்பிரசவம் வரைக்கும் போகலாம். வாட்ஸ்அப் பயமுறுத்துகிற எந்தக் கதிர்வீச்சையும்விட இது நிஜமான ஆபத்து, எங்கள் வார்டுகளில் நாங்கள் கண்ணால் பார்க்கிற ஆபத்து. எனவே ஒரு லிட்டர் பாட்டிலை மேஜையிலேயே வையுங்கள், ஷிப்ட் முடிவதற்குள் இரண்டு பாட்டிலாவது காலியாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தோன்றுகிறதோ இல்லையோ, எழுந்து போய்விட்டு வாருங்கள். பிரேக் கணக்கில் பிரச்சினை என்றால் அந்தச் சான்றிதழிலேயே இதையும் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த டாக்டரும் மறுக்கமாட்டார். சிறுநீர்ப் பரிசோதனை எழுதித் தந்தால் தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள்.

உட்கார்ந்தே இருப்பதும் ஒரு சுமைதான். கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடிவிடுகிறது. காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் கால் வீங்கும், நரம்பு புடைக்கும், அபூர்வமாக உள்நாளத்தில் ரத்தக்கட்டியும் உண்டாகலாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடங்கள். எழ முடியாத நேரத்தில் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். காலுக்கடியில் ஒரு மணைப்பலகை போட்டுக்கொண்டால் முழங்காலுக்கும் இடுப்புக்கும் சுகம். முதுகுக்குப் பின்னால் சின்னத் தலையணை. வயிறு பெரிதாகும்போது நாற்காலி பின்னால் தள்ளிப்போகும். அப்போது கீபோர்டையும் மவுஸையும் உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் முன்னால் குனிந்து எட்டாதீர்கள். ஆறாம் ஏழாம் மாதத்தில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போனால் மணிக்கட்டில் நீர் கோத்து நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தம். டைப் அடிக்கிறவர்களுக்கு அது கூடுதலாகத் தொல்லை தரும். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டுக்கொண்டால் குறையும், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாகப் போய்விடும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைச்சதையில் வலியும் வந்தால் மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. கர்ப்பத்தில் கண் வேறு வறளும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள். பவர் மாறியதுபோல் தெரிந்தாலும் அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி செய்யாதீர்கள், விழியில் நீர் கோப்பதால் வருகிற மாற்றம் குழந்தை பிறந்த பிறகு பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும்.

ஆனால் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், கண்ணுக்குள் பொறி பறப்பது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, வலது விலா எலும்புக்குக் கீழே வலி, இவற்றில் எது வந்தாலும் "கம்ப்யூட்டர் பார்த்தது, அதான்" என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது. அது ரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். பிரஷர் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுராத்திரி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண்கள் தலைவலியைக் கம்ப்யூட்டர் மேல் போட்டுவிட்டு ஒன்றிரண்டு நாள் தள்ளுகிறார்கள். எனக்குக் கவலை அங்கேதான்.

சர்க்கரைப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒருமுறை, 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொருமுறை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்கு, அதுவும் கேண்டீன் பப்ஸும் டீயுமாக ஷிப்டை ஓட்டுகிறவர்களுக்கு, சர்க்கரை ஏறும் வாய்ப்பு கூடுதல். மாலையில் அரை மணி நேரம் நடந்தால் நல்லது, வாரத்தில் ஐந்து நாள் என்றால் போதும். ஃபோலிக் ஆசிட் மாத்திரை 400 மைக்ரோகிராம் இப்போது போட்டுக்கொண்டிருப்பீர்கள். மூன்று மாதம் முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரை சேரும். லேப்டாப்பில் வேலை பார்த்தால் மேஜை மேல் வைத்துப் பாருங்கள். மடியில் வைத்தால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை, ஆனால் தொடைக்குச் சூடு, கழுத்துக்கு வலி.

வேலையை விடுவதா என்று கேட்டால், உங்கள் உடம்புக்காக விட வேண்டிய அவசியம் இல்லை என்பதே டாக்டராக என் பதில். விடுவதால் என்ன போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உங்கள் உரிமை. 2017-ல் சட்டத்தைத் திருத்திப் பன்னிரண்டு வாரத்திலிருந்து இப்படி உயர்த்தினார்கள். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அந்தப் பணம் இ.எஸ்.ஐ. மூலமாக வரும். கர்ப்பத்தைக் காரணமாகக் காட்டி வேலையை விட்டு நீக்கவும் முடியாது. இப்போது நீங்களாக ராஜினாமா எழுதிக்கொடுத்தால் இதெல்லாம் கைவிட்டுப் போகும்.

போன வருஷம் மூன்று நாளில் வேலைக்குத் திரும்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கரு கலைந்த பெண்ணுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் அழுவதற்குக்கூட நேரம் இல்லாமல் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். தூக்கம் வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வீட்டுக்காரரிடம் இதைப் பற்றி வாய்விட்டுப் பேசுங்கள். அவர் எதுவும் சொல்வதில்லை என்பதால் அவருக்கு எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. பல ஆண்களுக்கு இந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்றே தெரிவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் உங்கள் டாக்டரிடம் அதையும் ஒரு நோயைச் சொல்வதுபோலவே சொல்லுங்கள். அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள்.

அத்தையைப் பற்றி. அவர் பேசிய விதம் உங்களைப் புண்படுத்தியிருக்கிறது. திரை விஷயத்தில் அவர் சொல்வது தவறு. ஆனால் ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டு வேலை பார்க்காதே என்று அவர் சொல்லியிருந்தால், அதில் அவர் சொல்வது சரி. அதை அவரிடமே சொல்லுங்கள். "நீங்க சொன்ன மாதிரி நைட் ஷிப்ட விட்டுட்டேன் அத்தை, வேலையை விடல" என்று சொன்னால் அந்த வீட்டில் பேச்சு வேறு மாதிரி திரும்பும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். துடிப்புச் சத்தத்தை அவரும் கேட்கட்டும். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு இருக்கிற சந்தேகத்தை டாக்டரிடம் அவரே நேராகக் கேட்கட்டும். நடுவில் நின்று நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.